கேக்கில் ஒரு பொருளைச் சேர்க்க மறந்துவிட்டால் என்ன செய்யலாம்?

கேக் செய்யும்போது ஒரு பொருளைச் சேர்க்க மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். கேக் என்பது அளவு பிசகக்கூடாத வேலை, ஒன்று விட்டுப்போனாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான் என்று ஒரு சாரார் சொல்வார்கள். விட்டுப்போனதை இப்போது போட்டு நன்றாக அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். முதல் பதிலைக் கேட்டு நல்ல வெண்ணெயும் முட்டையும் குப்பைக்குப் போகின்றன. இரண்டாவது பதிலைக் கேட்டு, தப்பித்திருக்கக்கூடிய கேக்கும் கெட்டுப்போகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம்தான்: கேக்கில் சேரும் ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு சுவைக்காகச் சேர்கிறது என்ற எண்ணம்.

சுவைக்காக மட்டும் சேரும் பொருள்கள் கேக்கில் மிகக் குறைவு. மற்றவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலையைச் செய்ய ஒரு நேரமும் உண்டு. ஆகவே, மறந்தது தெரியவந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: விட்டுப்போன பொருளின் வேலை என்ன? அந்த வேலைக்கான நேரம் கடந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், எந்தக் கேக்கை எவ்வளவு தூரம் மீட்கலாம் என்பதைச் சமையல் குறிப்பு எதுவும் இல்லாமலே முடிவுசெய்துவிடலாம்.

இட்லியில் தொடங்குவோம்

இட்லி மாவு புளித்துப் பொங்கும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயு உளுந்தின் கொழகொழப்பில் சிறு குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. தட்டில் ஊற்றி ஆவியில் வைத்ததும் குமிழிகள் விரிகின்றன, அவற்றைச் சுற்றியுள்ள மாவு வெந்து இறுகுகிறது. குமிழி விரிந்த நிலையிலேயே சுவர் இறுகிவிடுவதால்தான் இட்லி பஞ்சுபோல இருக்கிறது.

இப்போது இரண்டு மறதிகளை எடுத்துக்கொள்வோம். மாவில் உப்புப் போட மறந்துவிட்டால் இட்லி சப்பென்று இருக்கும். ஆனாலும் அது இட்லிதான், சட்னியும் சாம்பாரும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். மாவு புளிக்கவே இல்லையென்றால் நிலைமை வேறு. ஊற்றுவதற்கு முன்பே கவனித்தால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைக் கலந்து, கலந்த கையோடு ஊற்றி ஓரளவு சமாளிக்கலாம். கல்லாக வெந்துவிட்ட இட்லியின் மேல் எவ்வளவு சோடாவைத் தூவினாலும் அது இனி உப்பாது.

கேக்கும் இதே பாதையில்தான் போகிறது. காற்றுக் குமிழிகள் உருவாக வேண்டும், சூட்டில் அவை விரிய வேண்டும், விரிந்த நிலையில் சுவர்கள் இறுக வேண்டும். சுவைக்கான பொருளை மறந்தால் அதை வெளியிலிருந்து, பிறகும்கூட ஈடுகட்டலாம். குமிழிக்கோ சுவருக்கோ உரிய பொருளை மறந்தால், சுவர் இறுகும் முன்பு மட்டுமே ஈடுகட்ட முடியும்.

ஓவனுக்குள் உண்மையில் நடப்பது

பேக்கிங் பவுடர்தான் கேக்கில் குமிழிகளை உண்டாக்குகிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. இது பாதி உண்மைதான். குமிழிகளின் விதை, கலவையை அடிக்கும்போதே விழுந்துவிடுகிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து வெளுக்கும்வரை அடிப்பதைக் கிரீமிங் என்கிறோம். அப்போது சர்க்கரையின் கூர்மையான மணிகள் வெண்ணெய்க்குள் உழுதுகொண்டு போய், போகும் வழியெல்லாம் நுண்ணிய காற்றுப் பைகளை விட்டுச்செல்கின்றன. வெண்ணெயை நீக்கிவிட்டு முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும் கேக்குகளில் இந்த வேலையை முட்டை செய்கிறது. பேக்கிங் பவுடர் பிறகு வெளியிடும் வாயு ஏற்கெனவே இருக்கும் இந்தப் பைகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. அதனால்தான் ஒழுங்காக அடிக்காத கலவையில் எவ்வளவு பேக்கிங் பவுடர் போட்டாலும் துளைகள் பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கற்று அமைகின்றன.

டின் ஓவனுக்குள் போனதும் முதலில் வெண்ணெய் உருகுகிறது. பிறகு வாயு பெருகிக் குமிழிகள் வீங்க, கேக் மேலெழுகிறது. சூடு ஏற ஏற, மைதாவிலுள்ள மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி ஊதிக் குழம்பாகின்றன. இதை மாவுச்சத்து கெட்டிப்படுதல் என்பார்கள். வெறும் நீரில் கோதுமை மாவுச்சத்து ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே கெட்டிப்படத் தொடங்கும். சர்க்கரை நிறைந்த கேக் கலவையில் அது 80 டிகிரியையும் தாண்டித் தள்ளிப்போகிறது. முட்டையின் புரதம் இறுகுவதையும் சர்க்கரை இதேபோலத் தாமதப்படுத்துகிறது. இந்தத் தாமதம்தான் கேக் எழும்புவதற்குக் கிடைக்கும் அவகாசம். கடைசியில் சுவர்கள் இறுகி, குமிழிகள் ஒன்றோடொன்று திறந்துகொள்கின்றன. நுரையாக இருந்தது பஞ்சாக மாறிவிட்டது என்று இதைச் சொல்லலாம். அதனால்தான் நன்றாக வெந்த கேக் ஆறிய பிறகும் அமுங்குவதில்லை.

ஆக, அடிக்கும்போது குமிழி பிறக்கிறது, ஓவனில் அது வளர்கிறது, 80 டிகிரியைத் தாண்டியபின் சுவர் இறுகுகிறது. மீட்பு வேலை எல்லாம் அந்த இறுக்கத்துக்கு முன்னால் நடந்தாக வேண்டும்.

மீட்கும் அவசரத்தில் வரும் இரண்டாவது பிழை

மறந்த பொருளைச் சேர்க்கும்போது நடக்கும் பிழை, மறதியைவிடப் பெரியதாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மைதாவில் நீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் இணைந்து குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையைப் பின்னுகின்றன. பரோட்டா மாவை இழுத்தால் அறுபடாமல் நீள்வதற்குக் காரணம் இந்த வலைதான். பரோட்டாவுக்கு அது பலம், கேக்குக்கு அது கேடு. மைதா சேர்ந்தபின் பீட்டரை ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் குளூட்டன் வலுவடைகிறது. அடித்துச் சேர்த்த காற்றும் வெளியேறுகிறது. விளைவு, மேலே கூம்பிய, வெட்டினால் நீளநீளமான குகைகள் தெரிகிற, மென்றால் இழுபடுகிற கேக்.

எனவே மைதா சேர்ந்த பிறகு எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் பீட்டரை எடுத்து வைத்துவிட வேண்டும். அகன்ற ஸ்பேட்டுலாவோ தட்டையான கரண்டியோ போதும். பாத்திரத்தின் ஓரமாக அடிவரை இறக்கி, கலவையை அடியிலிருந்து அள்ளி மேலே மடித்துவிட்டு, பாத்திரத்தைக் கால்வட்டம் திருப்பி மறுபடி அதையே செய்ய வேண்டும். இப்படிப் பதினைந்து இருபது மடிப்புகளில் பெரும்பாலான பொருள்கள் கலந்துவிடும். சில இடங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தாலும் நிறுத்திவிடலாம். முழுமையாகக் கலந்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே உதவாது.

பேக்கிங் பவுடரை மறந்துவிட்டால்

அதிகம் மறக்கப்படுவதும், அதிகம் தவறாகப் பேசப்படுவதும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. நாம் ஆப்ப சோடா அல்லது சமையல் சோடா என்று சொல்லும் பேக்கிங் சோடா, சோடியம் பைகார்பனேட் என்ற ஒரே பொருள். அது ஒரு காரப்பொருள், அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயுவை வெளியிடும். பேக்கிங் பவுடர் என்பது அந்தச் சோடாவோடு அமிலப் பொடியையும், இரண்டும் ஈரத்தால் முன்கூட்டியே வினைபுரிந்துவிடாமல் காக்கச் சோளமாவு போன்ற மாவுச்சத்தையும் சேர்த்த கலவை. கடைகளில் கிடைக்கும் பல பேக்கிங் பவுடர்கள் இருமுறை செயல்படுபவை: நீர் பட்டதும் கொஞ்சம் வாயுவையும், ஓவனின் சூடு ஏறியபின் மீதி வாயுவையும் தருபவை. இந்தப் பவுடர் பிறந்ததே ஒரு பொருள் இல்லாத சமையலுக்காகத்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளரின் மனைவிக்கு ஈஸ்ட்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்காக 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும், 1843-இல் ஈஸ்ட் தேவைப்படாத பேக்கிங் பவுடரையும் பேர்ட் உருவாக்கினார்.

கலவை இன்னும் பாத்திரத்தில் இருக்கும்போதே நினைவுக்கு வந்தால் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் என்ற கணக்கில் பேக்கிங் பவுடரை எடுத்து, ஒரே இடத்தில் கொட்டாமல், சிறு வடிகட்டியால் கலவையின் மேல் பரவலாகச் சலித்து, மேலே சொன்னபடி மடித்துச் சேர்த்தால் போதும். கட்டியாக விழுந்தால் அந்த இடம் மட்டும் கசக்கும், அங்கே பெரிய ஓட்டையும் விழும்.

டின்னில் ஊற்றியாகிவிட்டது, ஓவனிலும் வைத்தாகிவிட்டது என்றால் கடிகாரத்தைவிடக் கேக்கின் ஓரத்தைப் பார்ப்பது நல்லது. டின்னை மெல்லச் சாய்க்கும்போது ஓரம் உட்பட முழுக் கலவையும் திரவமாக ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. பொதுவாக முதல் ஐந்து நிமிடம் இப்படி இருக்கும். வெளியே எடுத்து, பாத்திரத்துக்கு மாற்றி, பேக்கிங் பவுடரை மடித்துச் சேர்த்து, டின்னைத் துடைத்து மறுபடி வெண்ணெய் தடவி ஊற்றலாம். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்காவது கெட்டிப்பட்டிருந்தால் அதைத் தொடக்கூடாது. வெந்த துணுக்குகள் கலவையில் கட்டிகளாகவே நின்றுவிடும். அந்தக் கேக்கை முழுதாக வேகவிட்டு, கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் வழிகளில் பயன்படுத்துவதுதான் சரி.

வீட்டில் பேக்கிங் பவுடரே இல்லை, சோடா மட்டும் இருக்கிறது என்றால் அமிலத்தை நாம் தர வேண்டும். ஒரு கப் மைதாவுக்குக் கால் டீஸ்பூன் சோடா போதும், ஏனென்றால் சோடாவின் வீரியம் பேக்கிங் பவுடரைப்போல மூன்று நான்கு மடங்கு. அதற்கு இணையாக அரை கப் புளித்த தயிரையோ, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றையோ, அதே அளவு வினிகரையோ சேர்க்கலாம். பால் இன்னும் ஊற்றவில்லை என்றால் பாலில் அரை கப்பைக் குறைத்துத் தயிரைப் பயன்படுத்துவது மிக நல்லது. பால் ஊற்றியாகிவிட்டால் எலுமிச்சைதான் வசதி. எலுமிச்சையோ வினிகரோ அரை டீஸ்பூன் போதும் என்று பல குறிப்புகளில் எழுதுகிறார்கள். அந்த அளவு அமிலம் கால் டீஸ்பூன் சோடாவில் சிறு பகுதியோடுதான் வினைபுரியும். மீந்த சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறிச் சவர்க்காரச் சுவையைக் கொடுக்கும். கேக்கின் உட்புறமும் மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும்.

பலர் கையாளும் ஈனோவும் இதே கொள்கையில்தான் வேலை செய்கிறது. சோடாவும் சிட்ரிக் அமிலமும் அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. வாசனை சேர்க்காத ஈனோவை மட்டுமே கேக்குக்கு எடுக்க வேண்டும். சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்த கலவையானாலும், ஈனோ சேர்த்த கலவையானாலும் வாயு உடனே வந்துவிடும், இரண்டாவது தவணை கிடையாது. ஆகவே ஓவனோ, குக்கரோ சூடாகித் தயாராக இருக்கும்போதுதான் இவற்றைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் கலவையின் மேற்பரப்பில் ஊசிமுனைக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உடைவதைப் பார்க்கலாம். உடையும் ஒவ்வொரு குமிழியும் கேக்குக்குப் போய்ச் சேராத வாயு.

சோடாவும் இல்லை என்றால் முட்டையை நம்பலாம், அது இன்னும் கலவையில் சேராமல் இருந்தால். மஞ்சள் கருவைப் பிரித்துக் கலவையில் சேர்த்துவிட்டு, வெள்ளைக் கருவை ஈரமும் எண்ணெயும் படாத பாத்திரத்தில் மென்மையான முகடுகள் நிற்கும்வரை அடித்து, மூன்று தவணைகளாக மடித்துச் சேர்க்க வேண்டும். இது ஒப்பேற்றும் வேலை என்று எண்ண வேண்டாம். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகிய நான்கையும் ஒவ்வொரு பவுண்டு எடுத்துச் செய்த பழைய ஆங்கிலேய பவுண்ட் கேக் பேக்கிங் பவுடர் இல்லாமல்தான் உருவானது. ரவையும் முந்திரியும் பன்னீரும் சேர்த்து இலங்கையில் செய்யும் லவ் கேக்கும் பழைய முறைப்படி அடித்த வெள்ளைக் கருவால்தான் இலகுவாகிறது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும்: போட்டோமா, போடவில்லையா என்றே தெரியாத நிலை. சந்தேகத்துக்கு இன்னொரு டீஸ்பூன் போட்டுவிடுவது பிழை. அளவு இரட்டிப்பானால் குமிழிகள் சுவர் இறுகும் முன்பே வெடித்து, கேக் வேகமாக எழும்பி நடுவில் குழிந்துவிடும். அதற்குப் பதிலாக, எண்ணெய் தடவிய பணியாரக் கல்லின் ஒரு குழியில் ஒரு டீஸ்பூன் கலவையை விட்டு, மூடிபோட்டுச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துப் பார்க்கலாம். குழியின் விளிம்புக்கு மேல் குவிந்து எழுந்து, பிட்டுப் பார்த்தால் உள்ளே துளைதுளையாக இருந்தால் பவுடர் சேர்ந்திருக்கிறது. தட்டையாக, தோசையின் தடித்த நடுப்பகுதிபோல வெந்தால் சேரவில்லை. முட்டையை நுரைக்க அடித்த கலவை பவுடர் இல்லாமலும் கொஞ்சம் எழும்பும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் இந்தத் துணுக்கைத் தின்று பார்த்தே அறியலாம். பச்சை முட்டையும் பச்சை மைதாவும் கிருமிகளைக் கொண்டிருக்கக்கூடும் என்பதால் கலவையை அப்படியே நக்கிப் பார்ப்பதைவிட இது பாதுகாப்பானது.

சுருக்கமாக, பேக்கிங் பவுடரின் வேலை வாயு தருவது. அந்த வேலையைச் சோடாவும் அமிலமும் செய்யலாம், அடித்த வெள்ளைக் கரு செய்யலாம். ஓரம் இறுகிய கேக்குக்கு இவை எதுவும் பயன்படா.

சர்க்கரையை மறந்துவிட்டால்

சர்க்கரை இனிப்புக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களே இந்த மறதியை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். மேலே பார்த்தபடி, வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துவதும், மாவுச்சத்தும் முட்டையும் அவசரப்பட்டு இறுகாமல் தடுப்பதும் சர்க்கரைதான். நீரைத் தன்னிடம் பிடித்துவைத்துக் குளூட்டன் வலுவடையாமல் கேக்கை மென்மையாக்குவதும், மறுநாளும் ஈரப்பதம் காப்பதும், மேல்பக்கத்துக்குப் பொன்னிறம் தருவதும்கூட அதன் வேலைதான். பல கேக்குகளில் மைதாவும் சர்க்கரையும் ஏறத்தாழ சம எடை என்பதை நினைத்தால், சர்க்கரையை மறப்பது கட்டுமானத்தில் ஒரு பெரும் பங்கை மறப்பதற்குச் சமம் என்பது விளங்கும்.

மைதா சேர்க்கும் முன்பே கவனித்தால் சர்க்கரையைப் போட்டு மறுபடி நன்றாக அடித்துவிடலாம். மைதா சேர்ந்தபின் கவனித்தால், மணி சர்க்கரையை அப்படியே போடக்கூடாது. அது கரையும்வரை கலக்கினால் குளூட்டன் வலுத்துவிடும், கரையாமல் விட்டால் மேற்பரப்பில் புள்ளிகளாகத் தேங்கும். அதே எடை சர்க்கரையை மிக்ஸியில் மாவுபோல் பொடித்து, மூன்று தவணைகளாகச் சலித்து மடித்துச் சேர்க்க வேண்டும். கரையும் சர்க்கரை கலவையைச் சற்று இளக்கும், அதைக் கண்டு பயந்து கூடுதல் மைதா போட வேண்டாம். கிரீமிங் நடக்காததால் துளைகள் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், மற்றபடி நல்ல கேக்தான் கிடைக்கும்.

சர்க்கரையே இல்லாமல் வெந்துவிட்டால், வெளிறிப்போய், மேலே வெடித்து, வெட்டினால் உலர்ந்த ரொட்டிபோல் இருக்கும். ஒரு கப் சர்க்கரையை ஒரு கப் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்த பாகை, குச்சியால் நெடுகக் குத்திய கேக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் இனிப்பு ஏறும். ஆனால் மென்மை வராது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாகைவிட, கண்டென்ஸ்டு மில்க்கைப் பாலில் கரைத்து ஊற்றி இரவு முழுதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிடுவது பலன் தரும். மெக்ஸிகோ முதலிய நாடுகளில் மூன்று வகைப் பாலில் ஊறவைத்துச் செய்யும் கேக்கின் வழியும் இதுவே.

முட்டையை மறந்துவிட்டால்

முட்டை பல வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. அதன் புரதம் சுவரை இறுக்குகிறது, அடித்தால் காற்றைப் பிடிக்கிறது. அதில் முக்கால் பங்கு நீர் என்பதால் கலவைக்கு ஈரமும் தருகிறது. மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின், எண்ணெயும் நீரும் பிரிந்துவிடாமல் பிணைத்து வைக்கிறது. இப்படிப் பிணைந்த நிலைக்குப் பால்மம் என்று பெயர்.

முட்டை சேராத கலவை கரண்டியிலிருந்து விழாமல் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தே மறதி பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்போது முட்டையை நேராகக் கலவைக்குள் உடைத்து ஊற்றுவதுதான் வழக்கமான பிழை. கெட்டிக் கலவையில் வழுக்கி ஓடும் முட்டையைச் சேர்க்க நெடுநேரம் கலக்க வேண்டியிருக்கும். முட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் நன்றாக அடித்து, அதில் இரண்டு கரண்டி கலவையைக் கரைத்து இளக்கி, அதைப் பெரிய கலவையோடு மடித்துச் சேர்ப்பதே நல்லது.

வீட்டில் முட்டை இல்லையென்றால், நம் ஊரின் முட்டையில்லாக் கேக்குகள் வழிகாட்டுகின்றன. ஒரு முட்டைக்குக் கால் கப் தயிரும் ஒரு சிட்டிகை சோடாவும் ஈடாகும், இரண்டு முட்டை வரை இது செல்லும். ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் நீரில் ஊறவைத்த கூழும் பிணைக்கும் வேலையைச் செய்யும், காற்றைப் பிடிக்கும் வேலையைச் செய்யாது. மூன்று நான்கு முட்டைகளை நுரைக்க அடித்து எழுப்பும் ஸ்பாஞ்ச் கேக்கில் முட்டைக்கு மாற்றே கிடையாது. அந்தக் கலவையை முட்டையில்லாமல் வேகவைக்க முயல்வதைவிட, கடைக்குப் போய் முட்டை வாங்கிவருவதுதான் புத்திசாலித்தனம்.

வெண்ணெய், எண்ணெய், பால்

கொழுப்பு, மைதாத் துகள்களின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து குளூட்டன் நீள்வதைத் தடுக்கிறது. வெண்ணெயை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, ஒரு கரண்டி கலவையில் குழைத்து, பிறகு மொத்தத்தோடு மடித்துச் சேர்க்கலாம். நேராக ஊற்றினால் கொழுப்பு கனத்தால் அடியில் போய்த் தங்கி, அங்கே பிசுபிசுத்த அடுக்காக வேகும். ஜெனுவாஸ் என்ற ஐரோப்பிய ஸ்பாஞ்ச் கேக்கில் வெண்ணெய் கடைசியாக, இதே முறையில்தான் சேர்கிறது. ஆகவே கடைசியில் சேர்ப்பதால் மட்டும் ஒரு குறையும் வந்துவிடாது. கொழுப்பே இல்லாமல் வெந்துவிட்ட கேக்கில் முட்டை நன்றாக அடிக்கப்பட்டிருந்தால், அதைக் கொழுப்பில்லாத ஸ்பாஞ்சாக எண்ணி, பாகு தடவி, கிரீம் வைத்து அன்றே பரிமாறிவிடலாம். அடுத்த நாளுக்கு வைத்தால் வறண்டுவிடும்.

பாலை மறந்தால் கலவையே காட்டிக்கொடுத்துவிடும். அறை வெப்பத்திலுள்ள பாலை ஓரமாகச் சுற்றி ஊற்றி மடித்துச் சேர்த்தால் தீர்ந்தது.

உப்பு, எசென்ஸ், கோகோ

உப்பும் வெனிலா எசென்ஸும் வெறும் சுவைப் பொருள்கள், இவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வெந்த கேக்கில் முட்டை வாடை தெரிந்தால், வெனிலா கலந்த பாகை மேலே தடவலாம். உப்பைக் கிரீமிலோ சாக்லேட் பூச்சிலோ ஒரு சிட்டிகை சேர்க்கலாம். கோகோவை மறந்த கேக் வெனிலா கேக்காகிவிடும், மேலே சாக்லேட் பூச்சு வைத்தால் போதும். ஆனால் கோகோவின் அளவுக்கு மைதா குறைத்திருந்தால் கலவை இளகலாக இருக்கும். அதைப் பாத்திரத்திலேயே கவனித்து, குறைந்த அளவுக்கு மைதாவைச் சலித்துச் சேர்த்துவிட வேண்டும்.

வெந்து முடிந்த கேக்கை என்ன செய்வது

இறுகிவிட்ட கேக்கின் ஈரத்தையும் சுவையையும் மாற்றலாம், உள்ளமைப்பை மாற்ற முடியாது. எனவே, இருக்கும் அமைப்புக்கு ஏற்ற உணவாக அதை மாற்றுவதுதான் வழி. முதலில் நடுவில் குச்சியைச் செருகி, மாவு ஒட்டாமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேக்கிங் பவுடர் சேராத கேக் அடர்த்தியானது, ஆகவே உள்ளே வேகக் கூடுதல் நேரம் ஆகும்.

அப்படி அடர்ந்துபோன கேக்குக்கு மிகப் பொருத்தமானது கேக் ரஸ்க். முழுதாக ஆறியபின் விரல் தடிமனில் துண்டுகளாக வெட்டி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, 150 டிகிரியில் ஒரு பக்கம் 15 முதல் 20 நிமிடமும், திருப்பிப்போட்டு அதே நேரமும் உலர்த்த வேண்டும். ஓவனிலிருந்து எடுக்கும்போது சற்று மெத்தென்றிருந்தாலும், ஆறியதும் மொறுமொறுப்பாகிவிடும். அடியில் களிபோன்ற அடுக்கு இருந்தால் அதை மட்டும் சீவி எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் அது உலர்ந்தாலும் கல்லாகத்தான் உலரும்.

சவர்க்காரச் சுவை ஏறிய கேக்கின் மேல் எலுமிச்சைச் சாறு கலந்த பாகை ஊற்றினால், அமிலம் மீந்த காரத்தோடு வினைபுரிந்து சுவையை ஓரளவு திருத்தும். சோடா மிக அதிகமாகிவிட்டிருந்தால் அதுவும் பலிக்காது, அந்தக் கேக்கை விட்டுவிடுவதே நல்லது.

முட்டை சேராமல் வெந்தது வெட்டும்போதே பொலபொலவென்று உதிரும், ரஸ்குக்கு ஆகாது. அதைக் கையால் முழுதும் உதிர்த்து, இரண்டு கப் தூளுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க் என்ற கணக்கில் தொடங்கி, பிடித்தால் உருண்டை நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்து, லட்டுபோலப் பிடித்துக் குளிரவைத்து, உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து எடுக்கலாம். எண்ணெய் ஊற்றிச் செய்த கேக்கின் தூள் ஏற்கெனவே பிசுக்காக இருக்கும் என்பதால், அதற்குக் கண்டென்ஸ்டு மில்க்கைப் பாதியாகக் குறைத்துத் தொடங்க வேண்டும்.